நெருக்கமான டியூப்களுக்குக் குறுக்கே நீரோட்டம்: முதல் சிமுலேஷன் செய்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் டியூப்களுக்குக் குறுக்கே நீர் பாய்கிறது. ஒவ்வொரு டியூபும் எவ்வளவு விசை வாங்குகிறது, அதிருமா என்று கணினியில் கணக்கிட வேண்டும். கல்லூரி ப்ராஜெக்ட்டாகவோ அலுவலக வேலையாகவோ இது உங்கள் மேசைக்கு வந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஒற்றை உருளையைச் சுற்றிய ஓட்டத்துக்குப் பயிற்சிப் பாடங்கள் ஏராளம். டியூப்கள் நெருங்கி நிற்கும்போது என்னென்ன மாறும் என்பதை ஒரே இடத்தில் சொல்லும் பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. பல இடங்களில் முட்டி மோதித்தான் சேர்த்துக்கொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். முக்கால் இஞ்ச் டியூப், அதாவது வெளிவிட்டம் 19.05 மி.மீ. சதுர அடுக்கு, பிட்ச் (அடுத்தடுத்த டியூப் மையங்களின் இடைவெளி) 23.81 மி.மீ. பிட்ச்சை விட்டத்தால் வகுத்தால் 1.25 வரும். டெமா தரநிலை (ஹீட் எக்ஸ்சேஞ்சர் தயாரிப்பாளர் சங்கத்தின் விதிமுறை) பொதுவாக அனுமதிக்கும் மிகக் குறைந்த நெருக்கம் இதுதான். இரண்டு டியூப்களுக்கு நடுவே இருப்பது வெறும் 4.76 மி.மீ. இந்த இடுக்கில்தான் எல்லாமே நடக்கிறது.

1. முதலில் தாள்களைச் சேருங்கள்

கணினியைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: எக்ஸ்சேஞ்சரின் டேட்டா ஷீட், டியூப் அடுக்கு வரைபடம், பேஃபிள் (டியூப்களைத் தாங்கி, ஓட்டத்தைத் திருப்பும் குறுக்குத் தகடு) இடைவெளி குறித்த செட்டிங் பிளான். இவற்றிலிருந்து எடுக்க வேண்டியவை விட்டம், சுவர்த் தடிமன், பிட்ச், அடுக்குக் கோணம் (30, 45, 60, 90 டிகிரி), டியூப் உலோகம், தாங்கல் இல்லாத மிக நீளமான பகுதி, ஷெல் பக்கத் திரவம் (டியூப்களுக்கு வெளியே பாய்வது), அதன் வெப்பநிலை.

அடுக்குக் கோணத்தை வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொள்ளாதீர்கள். 30 டிகிரியும் 60 டிகிரியும் ஒரே முக்கோணம்தான். ஓட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு. வரைபடத்தில் ஓட்டத் திசைக்கு அம்புக்குறி போட்டு, வடிவமைப்பவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வெப்பநிலையும் அப்படித்தான். 25 டிகிரி நீரின் பாகுநிலையை 80 டிகிரி நீருக்குப் போட்டால் ரேனால்ட்ஸ் எண் (வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி, இயக்கவியல் பாகுநிலையால் வகுத்தது) இரண்டு மடங்குக்கு மேல் பிசகும்.

2. எந்த வேகம் என்று முடிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. டியூப் கட்டில் வேகம் என்றால் மூன்று உண்டு.

கட்டுக்குள் நுழையும் முன் உள்ள வேகம் ஒன்று. உதாரணத்துக்கு வினாடிக்கு 0.2 மீட்டர். டியூப்களுக்கு நடுவே திரவம் நிற்கும் இடம் முழுவதற்குமான சராசரி வேகம் இன்னொன்று. நம் அடுக்கில் பாதி இடத்தை டியூப்களே அடைத்துக்கொள்வதால் அது சுமார் 0.4. மூன்றாவது இடுக்கு வேகம். பிட்ச்சை, பிட்ச் கழித்தல் விட்டத்தால் வகுத்து, நுழைவு வேகத்தோடு பெருக்க வேண்டும். 23.81 ÷ 4.76 என்பது 5. ஆக இடுக்கு வேகம் 1.0.

விசைக் குணகம் என்பது விசையை, அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், பரப்பு மூன்றின் பெருக்கத்தில் பாதியால் வகுத்தது. நீங்கள் 0.2-ஐப் போட்டு, ஒப்பிடும் கட்டுரை 1.0-ஐப் போட்டிருந்தால் குணகம் 25 மடங்கு வேறுபடும். யார் தரும் எண்ணாக இருந்தாலும் "எந்த வேகத்தை வைத்து?" என்று முதலில் கேளுங்கள். அதிர்வுக் கணக்குகளில் இடுக்கு வேகம்தான் வழக்கம். அதை வைத்தால் நம் ரேனால்ட்ஸ் எண் 21,000-ஐ ஒட்டி வரும்.

3. சிமுலேஷனுக்கு முன் ஒரு கைக்கணக்கு

டியூப் அதிர்ந்து சேதமடையுமா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், கானர்ஸ் சமன்பாட்டை முதலில் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. ஆபத்தான இடுக்கு வேகத்தைக் காண, ஒரு மாறிலி, டியூபின் இயல்பு அதிர்வெண், விட்டம் மூன்றையும் பெருக்க வேண்டும். வந்ததை ஒரு வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். வர்க்கமூலத்துக்குள் மேலே வருவது ஒரு மீட்டர் நிறையும் அதிர்வுத் தணிவும் (இங்கே லாகரிதமிக் டிக்ரிமென்ட், அதாவது தணிவு விகிதத்தைப்போல் 2π மடங்கு). கீழே வருவது திரவ அடர்த்தியும் விட்டத்தின் வர்க்கமும். மாறிலியை 3 என்று எடுப்பது பரவலான வழக்கம்.

நம் டியூபுக்குச் சுவர் 2.11 மி.மீ, கார்பன் ஸ்டீல், பேஃபிள் இடைவெளி 0.6 மீட்டர், தணிவு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் உலோகம் 0.88 கிலோ, உள்ளே இருக்கும் நீர் 0.17 கிலோ. டியூப் அசையும்போது கூடவே நகரும் வெளிநீரையும் சேர்க்க வேண்டும். தனி டியூப் என்றால் அது இடம்பெயர்த்த நீரின் அளவே போதும். இவ்வளவு நெருக்கத்தில் அதைப்போல் 1.5 மடங்கு ஆகிறது, அதாவது 0.43 கிலோ. மொத்தம் 1.48 கிலோ. இரு முனையும் கீல் போலத் தாங்கப்பட்டதாக எடுத்தால் இயல்பு அதிர்வெண் 102 ஹெர்ட்ஸ், ஆபத்தான வேகம் சுமார் 3. நம் இடுக்கு வேகம் 1.0 என்பதால் பயமில்லை.

இப்போது பேஃபிள் ஜன்னல் (நீர் திரும்பிப் போகப் பேஃபிளில் வெட்டிவிட்ட பகுதி) வழியே போகும் டியூப்களைப் பாருங்கள். அங்கே ஒன்றுவிட்ட பேஃபிள்தான் தாங்குகிறது. தாங்கல் இடைவெளி 1.2 மீட்டர். அதிர்வெண் நான்கில் ஒரு பங்காக, 26 ஹெர்ட்ஸுக்கு விழும். ஆபத்தான வேகம் 0.74. நம் 1.0 அதைத் தாண்டிவிட்டது! அந்தப் பகுதியில் இடுக்கு வேகம் உண்மையில் எவ்வளவு என்பதுதான் இனி நீங்கள் தேட வேண்டியது. எந்த டியூபுக்குச் சிமுலேஷன் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை இந்தக் கைக்கணக்கே பிரித்துக் காட்டிவிடும்.

4. மென்பொருள், கணினி, செலவு

ஓப்பன்ஃபோம் என்ற ஓட்டச் சிமுலேஷன் மென்பொருள் இலவசம். முடிவுகளைப் படமாகப் பார்க்க பாராவியூவும், மெஷ் (ஓட்ட இடத்தைச் செல் எனும் சிறு கட்டங்களாகப் பிரித்தது) செய்ய ஜிமெஷ்ஷும் இலவசம். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டு நிறுவி அதற்குள் ஓட்டலாம்.

ஓப்பன்ஃபோமில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று வி2406, வி2412 என்று ஆண்டும் மாதமும் சேர்த்துப் பெயர் வைக்கும் கிளை. மற்றது 10, 11, 12 என்று வெறும் எண் வைக்கும் பவுண்டேஷன் கிளை. இரண்டின் உள்ளீட்டுக் கோப்புகளும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் மாற்றிப் போட்டால் ஓடாது. பவுண்டேஷன் கிளையில் 11-ஆம் பதிப்பிலிருந்து சால்வரை (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலை) அழைக்கும் முறையே மாறிவிட்டது. ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, அதே கிளைக்கான பாடங்களை மட்டும் பின்பற்றுங்கள். ஐஐடி பாம்பேயின் ஃபாஸ்ஸி திட்டம் ஓப்பன்ஃபோம் பயிற்சிப் பொருள்களை இலவசமாகத் தருகிறது. அடிப்படைக்கு அது நல்ல தொடக்கம்.

ஆன்சிஸ் மாணவர் பதிப்பும் இலவசம்தான். ஆனால் செல் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, வணிக வேலைக்குப் பயன்படுத்தவும் கூடாது. பிரவுசரிலேயே ஓடும் சிம்ஸ்கேலின் இலவசக் கணக்கில் உங்கள் ப்ராஜெக்ட் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். கம்பெனி வரைபடத்தை அங்கே ஏற்றிவிடாதீர்கள்.

கணினிக்கு 8 கோர், 32 ஜிபி நினைவகம் இருந்தால் இருபரிமாண வேலை முழுவதும் வீட்டிலேயே முடியும். முப்பரிமாணத்துக்குப் பத்து லட்சம் செல்லுக்கு 1 முதல் 2 ஜிபி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் இருப்பவர்கள் துறைத் தலைவர் வழியாகப் பெரிய கணினிக்கு விண்ணப்பிக்கலாம். திருச்சி என்ஐடியில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் அமைந்த பரம் பொருள் இருக்கிறது. அனுமதி கிடைக்க எவ்வளவு நாள் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே இருபரிமாண வேலையைத் தொடங்கும் அன்றைக்கே விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள்.

5. ஒற்றை டியூபில் கை பழகுங்கள்

ரேனால்ட்ஸ் எண் 100, ஒரே ஒரு உருளை, இருபரிமாணம். இழுவைக் குணகம் 1.35-ஐ ஒட்டியும், ஸ்ட்ரூஹால் எண் (சுழல் பிரியும் அதிர்வெண் × விட்டம் ÷ வேகம்) 0.165-ஐ ஒட்டியும், பக்கவாட்டு விசைக் குணகத்தின் வீச்சு 0.33-ஐ ஒட்டியும் வர வேண்டும். வரவில்லை என்றால் விசை அமைப்பிலோ, மெஷ்ஷிலோ, பக்கச் சுவர்கள் மிக அருகில் இருப்பதிலோ கோளாறு. சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும் கணக்கு இது. 35 டியூப்களுக்குள் அந்தக் கோளாறைத் தேடுவதை விட இங்கே தேடுவது எவ்வளவோ சுலபம். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

6. எவ்வளவு இடத்தை வெட்டி எடுப்பது

ஓட்டத் திசையில் 7 வரிசை, குறுக்கே 5 டியூப். இது நல்ல தொடக்கம். முதல் வரிசைக்கு முன்னால் 5 முதல் 10 விட்டம், கடைசி வரிசைக்குப் பின்னால் 15 விட்டம் இடம் விடுங்கள். வெளியேறும் எல்லையில் சுழல் திரும்பி உள்ளே வரப் பார்க்கும். அங்கே வேகத்துக்கு இன்லெட்அவுட்லெட் நிபந்தனை போட்டால் கணக்கு வெடிக்காது.

அடுக்கு சமச்சீராக இருக்கிறதே என்று அரை டியூபில் வெட்டி, சமச்சீர் எல்லை போடத் தோன்றும். செய்யாதீர்கள். நெருங்கிய டியூப்களில் ஓட்டம் சமச்சீராக இருப்பதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உருளைகளை வைத்தாலே, மையங்களின் இடைவெளி விட்டத்தைப் போல் சுமார் 1.2 முதல் 2 மடங்கு வரை இருக்கும்போது, நடுவே பாயும் தாரை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். எப்போது வேண்டுமானாலும் மறுபக்கம் மாறும். சதுர அடுக்கிலும் முழு ஓட்டமே சாய்வாகத் திரும்புவது உண்டு. சமச்சீர் எல்லை போட்டால் இந்தச் சாய்வு நிகழவே முடியாது. படம் அழகாக வரும்; பக்கவாட்டு விசை மட்டும் தவறாக வரும்.

பக்கங்களுக்கு சைக்ளிக் எல்லை (ஒரு பக்கம் வெளியேறுவது எதிர்ப்பக்கம் வழியே உள்ளே வரும்) போடுங்கள். அதிலும் ஒரே ஒரு டியூபை வைத்து சைக்ளிக் போட்டால் எல்லா இடுக்கும் ஒரே பக்கம் சாயக் கட்டாயப்படுத்தப்படும். குறுக்கே பல டியூப் வைக்கச் சொல்வது அதனால்தான். ஓட்டத் திசையிலும் சைக்ளிக் வைத்து, சராசரி வேகத்தை நிலைநிறுத்தும் மீன்வெலாசிட்டிஃபோர்ஸ் கொண்டு தள்ளுவதாக இருந்தால், அங்கே கொடுக்க வேண்டியது இரண்டாம் படியில் சொன்ன நடு வேகம், 0.4. இடுக்கு வேகத்தைக் கொடுத்தால் நீர் இரண்டரை மடங்கு வேகமாகப் பாயும்.

7. மெஷ்: நேரத்தைச் செலவிட வேண்டிய இடம்

மொத்த வேலையில் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். முதல் முறை என்றால் மெஷ்ஷுக்கு மட்டும் ஒரு வாரம் எடுத்தாலும் தவறில்லை.

சுவரை ஒட்டிய முதல் செல் ஒய் பிளஸ் (சுவரிலிருந்து உள்ள தூரத்தின் பரிமாணமற்ற அளவு) 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். நம் எண்களுக்கு முதல் செல்லின் உயரம் சுமார் 0.02 மி.மீ. அதிலிருந்து ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைப்போல் 1.2 மடங்கு என்று 15 அடுக்கு வைத்தால் 1.44 மி.மீ ஆகிறது, கடைசி அடுக்கின் தடிமன் 0.26 மி.மீ. இரு டியூபிலிருந்தும் சேர்த்து 2.88 மி.மீ போக, இடுக்கில் மிச்சம் 1.9 மி.மீ. அங்கே 0.26 மி.மீ அளவில் 7 செல். ஆக இடுக்கின் குறுக்கே மொத்தம் 37 செல். இந்தக் கணக்கைத் தாளில் போட்ட பிறகே மெஷ் மென்பொருளைத் திறங்கள். டியூபைச் சுற்றிலும் 0.25 மி.மீ அளவுக்கு வர 240 செல் வேண்டும்.

ஓப்பன்ஃபோமின் தானியங்கி மெஷ் கருவியான ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் இந்த வேலைக்கு ஏற்றதாக எனக்குப் படவில்லை. எதிரெதிர்ச் சுவர்கள் நெருங்கும் இடத்தில் அது அடுக்குகளைச் சுருக்கிவிடும், சில இடங்களில் போடாமலே விட்டுவிடும். பிளாக்மெஷ்ஷிலோ ஜிமெஷ்ஷிலோ ஒரு டியூபைச் சுற்றி ஒழுங்கான கட்டம் செய்து, அதையே பிட்ச் பிட்ச்சாக நகலெடுப்பது நல்லது.

ஜிமெஷ்ஷிலிருந்து மாற்றிக் கொண்டுவந்தால் எல்லா எல்லைகளும் வெறும் பேட்ச் என்றே பதிவாகியிருக்கும். பவுண்டரி கோப்பைத் திறந்து டியூப்களை வால் என்றும், இருபரிமாணமானால் முன்பின் முகங்களை எம்ப்டி என்றும், பக்கங்களை சைக்ளிக் என்றும் கையால் மாற்ற வேண்டும். வால் என்று மாற்றாவிட்டால் கொந்தளிப்பு மாடலுக்கு அங்கே சுவர் இருப்பதே தெரியாது.

இன்னொன்று, மிக முக்கியம்: ஒவ்வொரு டியூபுக்கும் தனிப் பெயர் கொடுங்கள். டியூப் 11, டியூப் 12 என்று வரிசையும் இடமும் தெரிவது போல. எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டால் மொத்த விசை மட்டுமே கிடைக்கும். ஒன்று மேலே இழுக்க மற்றொன்று கீழே இழுக்க, பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

அப்புறம் மெஷ்ஷின் தரத்தைச் சோதிக்கும் செக்மெஷ் கட்டளை. கோணப் பிசகு 70 டிகிரிக்குள் இருந்தால் மேலே போகலாம்.

8. சால்வர், கால அடி, எவ்வளவு நேரம் ஓடும்

காலத்தோடு மாறும் கணக்குத்தான் வேண்டும்: பிம்பிள்ஃபோம். நிலையான ஓட்டத்துக்கான சிம்பிள்ஃபோமைத் தொடக்க நிலையைத் தயாரிக்க மட்டும் பயன்படுத்துங்கள். இருபரிமாணத்துக்குக் கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாடல் போதும். முப்பரிமாணத்தில் எல்இஎஸ் (பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் முறை) செய்ய வசதி இருந்தால் வேல் மாடல்.

இடுக்கில் 0.25 மி.மீ செல், சராசரி வேகம் 1.0 என்றாலும் உச்சம் அதைத் தாண்டும். கால அடியை 0.0001 வினாடி என்று வைத்தால் கூரண்ட் எண் (ஓர் அடியில் நீர் எத்தனை செல் தாண்டுகிறது என்பது) 1-க்குள் நிற்கும். நீர் 7 வரிசையைக் கடக்க சுமார் 0.4 வினாடி. முதல் 10 கடப்புகளை, அதாவது 4 வினாடியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஓட்டம் இன்னும் நிலைபெறாத நேரம் அது. அடுத்த 20 கடப்புகளில், அதாவது 8 வினாடியில் சராசரி எடுங்கள். மொத்தம் 12 வினாடிக்கு 1,20,000 கால அடிகள். உங்கள் கணினியில் நூறு அடி ஓட்டி, ஓர் அடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு வினாடி ஆனால் முழு ஓட்டம் 33 மணி நேரம். வழிகாட்டிக்கோ மேலாளருக்கோ தேதி சொல்வதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

தாரை பக்கம் மாறும் ஓட்டத்தில் 8 வினாடி போதாமலும் போகலாம். பதிவை இரு பாதியாகப் பிரித்து, இரண்டிலும் விசையின் ஏற்ற இறக்க அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகும் வரை ஓட்டத்தான் வேண்டும்.

9. விசையை எடுக்கும்போது

ஃபோர்ஸ்கோஎஃப்ஸ் என்ற ஃபங்ஷனை ஒவ்வொரு டியூபுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொரு கால அடியிலும் பதிவாகட்டும், கோப்பு சிறியதுதான்.

பிம்பிள்ஃபோமில் அழுத்தம் என்பது அடர்த்தியால் வகுக்கப்பட்ட அழுத்தம். நியூட்டனில் விசை வேண்டும் என்றால் ரோஇன்ஃப் என்ற இடத்தில் 997 போட வேண்டும். 1 என்றே விட்டால் விசை ஆயிரம் மடங்கு குறைவாக வரும். இருபரிமாணத்தில் பரப்பு என்பது விட்டத்தையும் மெஷ்ஷின் தடிமனையும் பெருக்கியது. மெஷ் 1 மி.மீ தடிமன் என்றால் 0.00001905 சதுர மீட்டர்.

இருபரிமாண விசையை டியூபின் நீளத்தால் பெருக்கி அறிக்கையில் போடுபவர்கள் உண்டு. பக்கவாட்டு ஏற்ற இறக்க விசைக்கு அது பொருந்தாது. உண்மையில் சுழல்கள் டியூபின் நீளம் முழுவதும் ஒரே தாளத்தில் பிரிவதில்லை. சில விட்டத் தூரத்துக்குள்ளேயே தாளம் தவறிவிடும். இருபரிமாணம் இதைக் காட்டாது, ஆகவே விசையைக் கூடுதலாகச் சொல்லும். வடிவமைப்பில் சேரப்போகும் எண் என்றால் முப்பரிமாணம் செய்யுங்கள். குறைந்தது இரண்டு விட்ட நீளம், 64 செல். இருபரிமாணத்தில் மூன்றரை லட்சம் செல் இருந்தால் அது 2 கோடியே 24 லட்சம் ஆகும். பெரிய கணினிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

10. நம்புவதற்கு முன் மூன்று சோதனைகள்

முதலாவது கணக்குச் சமநிலை. பக்கங்கள் சைக்ளிக், நுழைவும் வெளியேற்றமும் ஒரே அகலம் என்றால், அழுத்த இழப்பை வழியின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் வருவதும் எல்லா டியூப்களின் இழுவை விசைக் கூட்டுத்தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். சில சதவீதத்துக்கு மேல் விலகினால் ஏதோ ஒரு டியூப் பட்டியலில் விட்டுப்போயிருக்கும், அல்லது அடர்த்தி தவறாக இருக்கும். ஐந்து நிமிட வேலை இது. எத்தனையோ தவறுகளைப் பிடித்துக் கொடுக்கும்.

இரண்டாவது மெஷ் சோதனை. இன்னும் அடர்த்தியான ஒரு மெஷ்ஷில் ஓட்டிப் பாருங்கள். சராசரி இழுவை சீக்கிரம் ஒத்துப்போகும். பக்கவாட்டு விசைதான் கடைசியில் அடங்கும். அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

மூன்றாவது அளவீட்டோடு ஒப்பீடு. எர்கோஃப்டாக் என்ற ஐரோப்பிய ஓட்டவியல் அமைப்பின் தரவுத்தளத்தில் டியூப் கட்டுக்கான பரிசோதனை ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது: மாற்று அடுக்கு (ஒரு வரிசை டியூப்கள் முந்தைய வரிசையின் இடுக்குகளுக்கு நேரே நிற்பது), விட்டம் 21.7 மி.மீ, குறுக்கு இடைவெளி 45 மி.மீ, ரேனால்ட்ஸ் எண் சுமார் 18,000. நம் அடுக்கை விடத் தளர்வானதுதான். ஆனாலும் உங்கள் முறை அங்கே வேக அளவீடுகளோடு ஒத்துப்போகாவிட்டால், 1.25 பிட்ச்சில் அதை நம்ப எந்தக் காரணமும் இல்லை.

11. டியூபை அசைய விடுவது எப்போது

அசையாத டியூப்களை வைத்துச் செய்த சிமுலேஷன், ஓட்டத்தால் டியூப் கட்டுக்கடங்காமல் அதிரத் தொடங்கும் வேகத்தைச் சொல்லாது. அந்த நிலையின்மை டியூப் அசைவதால் திரவ விசை மாறுவதிலிருந்தே பிறக்கிறது. கைக்கணக்கில் எல்லைக்கு அருகில் வந்த டியூப்களுக்கு மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள்.

கட்டின் நடுவே ஒரு டியூபை ஸ்பிரிங், டேம்பரோடு விடுங்கள். சிக்ஸ்டாஃப் ரிஜிட்பாடி மோஷனில் இதற்கு வசதி உண்டு. இரண்டு திசையிலும் அசைய விடுங்கள். முன்பெல்லாம் ஓட்டத்துக்குக் குறுக்கான அசைவைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டார்கள். கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தில் 2012 ஜனவரியில் நீராவி ஜெனரேட்டர் டியூப் கசிந்தது. யு வடிவ டியூப்கள் தங்கள் தளத்திலேயே அதிர்ந்து ஒன்றோடொன்று உரசியது ஆய்வில் தெரிந்தது. 2013 ஜூனில் அங்கே இயங்கிவந்த இரு உலைகளையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள்.

நீர் கனமானது என்பதால் டியூப் அசைவும் ஓட்டமும் ஓர் அடிக்குள் பல தடவை பேசிக்கொள்ள வேண்டும். பிம்பிளில் வெளிச்சுற்றுகளை 3 அல்லது அதற்கு மேல் வையுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் மெஷ் நகரும்படி மூவ்மெஷ்அவுட்டர்கரெக்டர்ஸ் அமைப்பைப் போடுங்கள். அசைவு விட்டத்தில் சில சதவீதத்தைத் தாண்டினால் இடுக்கின் மெஷ் நசுங்கும். அது பரவாயில்லை. வீச்சு வளர்கிறதா தணிகிறதா என்று தெரிந்தாலே போதும், அங்கேயே நிறுத்திவிடலாம். வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, தணிவு வளர்ச்சியாக மாறும் இடத்தைக் குறித்து, மூன்றாம் படியில் வந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு முழு ஓட்டம் தேவை. ஆறு வேகங்கள் என்றால் முன்பு கணக்கிட்ட 33 மணி நேரத்தை, வெளிச்சுற்றுகளுக்காக இன்னும் இரண்டு மூன்று மடங்காக்கி, ஆறால் பெருக்கித் தேதி கேளுங்கள்.